கறுப்பை அளத்தல்

எக்ஸ்ரே அறையில் கறுப்பு என்றால் காற்று,
கதிர் எதிலும் முட்டாமல் போன இடம்.
பதினாறு வருடம் அதைப் படம்பிடித்தவளுக்கு
அண்டங்காக்கை பிடிபட
மூன்று கோடை ஆயிற்று.

கேமராவுக்குக் கறுப்பை நம்பத் தெரியாது.
இருட்டென்று மிரண்டு வெளிச்சத்தை வாரி இறைத்து
சாம்பலாக்கிவிடும்.
ஒரு படி குறைத்தால் காக்கை கறுக்கும், கண் தொலையும்.
கூட்டினால் கண் வரும்,
பின்னால் வேலூர் வானம் வெந்து வெளுக்கும்.
மே மாதம் பகல் இரண்டு மணிக்கு
இந்த ஊரில் எதையும் சரியாக அளக்க முடியாது.

ஷிப்ட் முடிந்ததும் காந்தி ரோட்டு லாட்ஜ் மொட்டைமாடி.
மேனேஜர் ஏகாம்பரத்தின் முட்டியை
வரிசையில் நிற்கவிடாமல் படமெடுத்துக் கொடுத்த வகையில்
எனக்கு அனுமதி.
'இன்னாம்மா, ஒரு காக்காக்கு இம்மாம் பெரிய லென்ஸா?
மயிலுன்னா சொல்லு, அர்த்தம் கீது.'
சொல்லிக்கொண்டே நாற்காலியை நிழலுக்கு நகர்த்திப் போடுவார்.

கொடியில் மால்டாவின் லுங்கி, அகர்தலாவின் புடவை.
'இங்கே துணி காயப்போடாதீர்' என்று
வங்காளத்தில் எழுதிய பலகைமேலேயே ஈரத்துண்டு.
யாரோ ஸ்டவ்வில் கடுகெண்ணெய் காயவைக்கிறார்கள்.
மீன்தலைக்கு இரண்டும் வந்துவிடும்.

ஊர்க்காக்கைகள் கழுத்தில் சாம்பல் துண்டோடு
கும்பலாய்க் கத்தும்.
இவை இரண்டே. கனத்த அலகு, செங்குத்து நெற்றி,
பேச்சு அடித்தொண்டையில்.
ஒன்றுக்கு இடது காலில் ஒரு நகம் இல்லை.
அதுதான் பெண் என்பது என் ஊகம், காரணம் கிடையாது.

ஒருநாள் அது ரொட்டித்துண்டைத் தொண்டையில் அடக்கி
தண்ணீர்த்தொட்டி அடியில் செங்கல் சந்தில் செருகியது.
ஓட்டாஞ்சில்லு ஒன்றைக் கவ்விவந்து மூடியது.
பதினோரு படம் எடுத்தேன்.
தலையைச் சாய்த்து லென்ஸைப் பார்த்தது.
பிறகு நடந்துபோய்
பைப் மூலையில் இன்னொரு முறை செருகல், மூடல்.
ராத்திரி பெரிதாக்கிப் பார்த்தால்
கடைசிப் படம் வரை தொண்டை உப்பியே இருக்கிறது.
முதல் சந்தில் எதையும் வைக்கவில்லை.
இரண்டாவதிலும்.
என்னை உட்காரவைத்து நடித்துக் காட்டியிருக்கிறது.

மறுநாள் கேமராவைப் பையைவிட்டு எடுக்கவில்லை.
அலகு பிளந்து இளைத்தன இரண்டும்.
நானும்.

கூடு செல்போன் டவரில்.
ஹேங்கர் கம்பி, தென்னை நார், ஒரு முழம் சலைன் குழாய்,
எந்த ஷூ கம்பெனியிலிருந்தோ தோல் சீவல்.
நடுவே ஒரு வெள்ளைப் பட்டை.
எங்கள் ஆஸ்பத்திரி மணிக்கட்டுப் பட்டை.
வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள் கத்தரித்து மாடியில் எறிவதுண்டு.
கிளம்பாதவர்களுடையதை யார் எறிவார்கள், தெரியாது.

பெயர் வெயிலில் போய்விட்டது.
ஆறு இலக்கத்தில் நாலு தெரிந்தது, இரண்டு நாருக்குள்.
நூறு பேரில் ஒருவர்.

திங்கட்கிழமை சிஸ்டர் எப்சிபா டீக்குப் போன நேரம்
கம்ப்யூட்டரில் அந்த நாலையும் அடித்தேன்.
மிச்சத்துக்குப் பூஜ்யம் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.
விரல் பொத்தான்மேல்.
யாராவது பார்க்கிறார்களா என்று
தலையைச் சாய்த்துத் திரும்பினேன்.
அந்தச் சாய்வு எனக்குத் தெரிந்த சாய்வு.
ஜன்னலுக்கு வெளியே ஏசிப் பெட்டி,
அதன்மேல் வெயில் மட்டும்.
நாலையும் அழித்தேன்.

ஜூன் முதல் வாரம் பட்டைக்கு மேலே மூன்று வாய்கள்.
பெற்றவைக்கு உள்வாயும் கறுப்பு,
குஞ்சுகளுக்கு ரத்தச் சிவப்பு.
ஒரு படி கூட்டினேன்.
வானம் வெந்தது, போகட்டும்.

அந்தப் படத்தை யாருக்கும் காட்டியதில்லை.
எந்த டவர் என்று நீங்கள் கேட்டால்
கோட்டை அகழிப் பக்கம்
கை காட்டுவேன்.