வலப்பக்க இருக்கை

வால்டிவியாவில் ஜூன் மழைக்குப் பதினோராம் நாள்.
"ஓட்டுகிறவர் பக்கம் நல்லதாப் போடுங்க,
மத்தது எப்படியிருந்தா என்ன" என்கிறார்
உதிரிபாகக் கடை எவரிஸ்டோ.
அவருக்குத் தெரியாது:
கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் நான்.
ஒன்பது வருடமாய் உட்கார்வது
அந்த மத்ததுக்குப் பின்னால்தான்.

இருபத்தாறு அங்குலம், பதினாறு அங்குலம்,
கொக்கியில் மாட்டும் வகை.
ஒன்று சிலிக்கான் என்றால்
இன்னொன்று சாதா ரப்பர்; பர்ஸ் அவ்வளவுதான்.
விளிம்பை நகத்தால் தடவிப் பார்க்கிறேன்,
கத்தி வாங்குகிறவள் போல.

வண்டியில் எலியானா காத்திருக்கிறாள்.
மீன் சந்தையில் முப்பது வருடம்,
ஸ்டியரிங்கில் மூன்று நாள்.
நேற்று ஆற்றங்கரைச் சாலையில்
குறுக்கே படுத்திருந்த கடற்சிங்கத்தை
நான் பார்த்தேன்.
அவள் பார்க்கவில்லை.
என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு.
பிழைத்தது.

சிலிக்கானை அவள் பக்கம் மாட்டினேன்.

என் பக்கத்து ரப்பர்
கிரீச்சென்று போய்த் திரும்பும்போதெல்லாம்
ஒரு கோடு தண்ணீரை விட்டுவைக்கிறது,
சரியாகக் கண்ணுக்கு நேரே.
இருக்கட்டும்.
கண்ணாடியை விட்டு
அவள் விரல்களைப் பார்க்கிறேன்,
நகக்கண்ணில் இன்னும் ஒரு செதில்.
ஸ்டியரிங்கில் அவை வெளுத்தால்
முன்னால் ஏதோ இருக்கிறது.