நாலு டிகிரி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்:
சீஸைச் சில்லென்று தின்பவர்கள்மேல்
எனக்குப் பகையில்லை.
அவர்களில் ஒருவனோடுதான்
பதினோரு வருஷமாகக் குடித்தனம்.

பரதராமியில் விடிவதற்குள் கம்பெனி வண்டி.
செக்போஸ்ட் தாண்டியதும்
போர்டு எழுத்தெல்லாம் உருண்டையாகிவிடும்.
தெலுங்கில் நான் படிக்கத் தெரிந்த ஒரே சொல் பால்.
அது கம்பெனிச் சுவரில் இருக்கிறது.

பேக்கிங் அறையில் நாலு டிகிரி.
இரண்டு ஸ்வெட்டர், குரங்குக் குல்லா,
அதன்மேல் வலைக் குல்லா.
பலகை பலகையாக வரும் சீஸ்
சோப்புக் கட்டிபோல் முகம் இறுகி வரும்.
வாசனை இல்லாமல் இல்லை,
உள்ளே ஒடுங்கியிருக்கிறது,
சம்பந்தி வீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி.
கடித்துப் பார்த்தால் முதலில் உப்பு,
பிறகு பல்கூச்சம்,
பிறகு ஒன்றுமில்லை.
குளிர்ந்த இடத்தில் வைக்கவும் என்று
அட்டையில் ஆறு மொழியில் அச்சடிக்கிறோம்.
எப்படித் தின்பது என்று
ஒரு மொழியிலும் இல்லை.

சூப்பர்வைசர் நாகபூஷணம் நல்ல மனிதர்.
உகாதிக்கு முதல் நாள்
வெட்டி ஒதுக்கிய ஓரத் துண்டுகளை
ஆளுக்கு அரைக்கிலோ கட்டிக் கொடுத்து
"சல்லகா உண்டம்மா" என்றார்.
குளிர்ச்சியாய் இரு, நல்லா இரு என்று அர்த்தமாம்,
மஸ்தானம்மா சொன்னாள்.
என் காதில் விழுந்ததோ
சில்லென்று உண்டு வா.
எட்டு மணி நேரம் சில்லென்று இருந்துவிட்டுத்தானே
வருகிறேன் சார்,
ஆசீர்வாதத்தையாவது கொஞ்சம்
சூடுபண்ணிக் கொடுக்கக்கூடாதா?

திரும்பும்போது பொட்டலம் மடியில்.
ஜன்னலோரம் பங்குனி வெயில்.
செக்போஸ்டில் தக்காளி லாரிகளுக்குப் பின்னால்
நாற்பது நிமிஷம்.
இறங்குகையில் தொட்டுப் பார்த்தேன்,
விரலுக்கு வழிவிட்டது.

கடைசித் தோசைக்குப் பிறகு
அடுப்பை அணைத்துவிட வேண்டும், அது முக்கியம்.
கல் தன் சூட்டில் தானிருக்கும்.
துண்டை வைத்து, மூடி போட்டு,
நூறு எண்ண வேண்டும்.
முதலில் வியர்க்கும்.
பிறகு மூலைகளை மறக்கும்.
அடியில் ஓரம் முறுகி
நடு மட்டும் நடுங்கிக்கொண்டிருக்கையில்
வருகிறது பார் ஒரு வாசம்,
தொழுவமும் காய்ச்சிய நெய்யும்
கொஞ்சம் வேர்வையும் கலந்து.
இது மாட்டிலிருந்து வந்தது என்று
அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வரும்.

குப்புராஜ் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.
பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர்.
சீஸ் பரோட்டா எண்பது ரூபாய் என்று
போர்டு வைத்த நாளிலிருந்து
சாயங்காலம் முழுக்க
அவன் மூக்குக்கு நேரே உருகுகிறது.
"உருகினது யாருக்குடி வேணும்?"
ஈரத்துணியில் சுற்றி
மண்பானைக்குப் பக்கத்தில் வைத்த துண்டைக்
கொய்யாக்காய்போல் கடிப்பான்,
நறுக்கென்று, கண்ணை மூடிக்கொண்டு.
எனக்கு இங்கே பல் கூசும்.

ஆடியில் சீட்டு விழும், ஃப்ரிட்ஜ் வாங்கலாம் என்கிறான்.
வேண்டாம் என்று சொல்ல
சரியான காரணம் எதுவும் கிடைக்கவில்லை.
மாவு புளிக்காது, பால் திரியாது,
எல்லாம் உண்மைதான்.
இருந்தாலும் வீட்டுக்குள்ளேயும்
ஒரு நாலு டிகிரியா?

நேற்று மீந்தது ஒரே துண்டு.
தட்டில் வைத்துக்கொண்டு
கல்லா பானையா என்று
ரொம்ப நேரம் வழக்காடினோம்.
அதற்குள் சின்னவன் கோதண்டன் வந்தான்.
சூடுமில்லாமல் குளிருமில்லாமல்
இருந்தபடியே எடுத்து,
சர்க்கரை டப்பாவில் தொட்டுத் தின்றுவிட்டு
விளையாடப் போய்விட்டான்.

சர்க்கரை!
நானும் குப்புராஜும்
ஒரே குரலில் அவனைத் திட்டியது
அதுதான் முதல் தடவை.