நெருப்பு வந்தால் எந்தக் கதவு

என் கணவன் பெயர் வாஷிங்டன்.
மான்டேவீடியோவில் தெருவுக்கு ஒருவன் உண்டு,
யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
இங்கே துர்குவில் மட்டும்
பெயரைக் கேட்டதும்
ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்கிறார்கள்.

கப்பல் கட்டும் துறையில் இரண்டு வருட ஒப்பந்தம்.
கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில்,
"நீட்டிக்கப்படலாம்."
அந்த ஒற்றை வார்த்தைக்குள்தான்
ஆறு வாரமாகக் குடியிருக்கிறோம்.

மூன்று பள்ளிகள்.
மூன்றையும் எக்செல்லில் ஏற்றிவிட்டான்:
கட்டணம், பஸ் நேரம், வகுப்புக்கு எத்தனை தலை,
வியாழக்கிழமை பட்டாணி சூப் இலவசமா.
பதினான்காவது கட்டத்துக்குத் தலைப்பு
எத்தனை வருடம்?
அதன் கீழே மூன்று வரிசையும்
யாரும் மிதிக்காத பனி.

ஆங்கிலப் பள்ளி என்றால் திரும்பிவிடுவோம்.
ஸ்வீடிஷ் பள்ளி என்றால்
ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.
ஃபின்னிஷ் பள்ளி என்றால்...
அந்த வாக்கியத்தை
இரவில் பாத்திரம் துலக்கும் சத்தத்தில்
இருவருமே தொலைத்துவிடுகிறோம்.

எனக்கு வேறொரு பயம், கட்டத்தில் அடங்காதது.
பள்ளிக்கூடம் என்பது
பிள்ளைகள் என்னிடம் எந்த மொழியில்
பொய் சொல்லப் போகிறார்கள் என்பது.
ஸ்பானிஷில் சொன்னால் பிடித்துவிடுவேன்,
ரமீரோவுக்கு முதல் சொல்லிலேயே காது சிவக்கும்.
நான் அகராதியைப் புரட்டி முடிப்பதற்குள்
அவன் மீசை முளைத்து
வெளியே போயிருப்பான்.

இனேஸுக்கோ கோபம்.
டிசம்பரில் முதல் வகுப்பை முடித்தவள்.
இங்கே ஆகஸ்டில்
மறுபடியும் முதல் வகுப்பாம்,
அதுவரை மணல்தொட்டியாம்.
வெள்ளை அங்கியையும் நீல வில் முடிச்சையும்
பெட்டியில் தானே மடித்து வைத்துக் கொண்டுவந்தாள்.
என்றைக்குப் போட்டுக்கொள்வது என்று கேட்கிறாள்.
யாரும் சீருடை அணிவதில்லை என்று
நான் இன்னும் சொல்லவில்லை.
(பொய் எந்த மொழியில் என்று பயந்தவள் நான்தான்.)

செவ்வாய்க்கிழமை, மைனஸ் பதினொன்று.
பள்ளி வாசலில் செருப்பு, பூட்ஸ் எல்லாம் கழற்ற வேண்டும்.
அக்குளில் மாத்தே ஃபிளாஸ்க்கோடு
வாஷிங்டன் நின்ற இடத்தில்
அவன் கட்டைவிரல் காலுறையைத் துளைத்துக்கொண்டு
எங்களுக்கு முன்னால் உள்ளே போனது.
ஸிர்ப்பா என்ற ஆசிரியை அதைப் பார்த்தாள்,
பார்க்காதவள்போல் நூலகத்தைக் காட்டினாள்.
ரமீரோ ஜன்னலோரம் நின்று
பனியில் புதைந்த கோல் கம்பத்தையே பார்த்தான்,
வலை இருக்கிறதா இல்லையா என்று.

கேள்விகள் கேட்டோம். நல்ல கேள்விகள்.
வீட்டுப்பாடம், தேர்வு, துணை ஆசிரியர்.
பதில்களும் நன்றாகவே இருந்தன,
மற்ற இரண்டு பள்ளிகளிலும்கூட
இதே பதில்கள்தான்.

அப்போது நடைபாதையிலிருந்து ஒரு குரல்.
இனேஸ்.
சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தை
மேலிருந்து கீழ்வரை
உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள்.
எழுதியபடி உச்சரிக்கும் மொழி இது.
எங்களுடையதும் ஏறக்குறைய அப்படித்தான்.
ஒரு எழுத்து விடவில்லை,
ஒரு சொல்லும் புரியவில்லை அவளுக்கு.
நீளமான சொற்கள், ரயில் பெட்டிகள் போல
ஒன்றோடொன்று கோத்து வந்தன;
பிரேக் பிடிக்காமல் ஓட்டினாள்.

ஸிர்ப்பா பேச்சை நிறுத்தினாள்.
"என்ன எழுதியிருக்கிறது?" என்றேன்.
"நெருப்பு வந்தால்
எந்தக் கதவு வழியாகப் போக வேண்டும் என்று."

இனேஸ் என்னைத் திரும்பிப் பார்த்தாள்:
பார்த்தாயா, எனக்குத்தான் தெரியுமே,
நான் எதற்கு மறுபடி முதல் வகுப்பு?
அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

திரும்பும் பஸ்ஸில்
வாஷிங்டன் மடிக்கணினியைத் திறந்தான்.
பதினான்காவது கட்டத்தில்
கர்சர் கொஞ்ச நேரம் கண்சிமிட்டியது.
எண் எதுவும் போடவில்லை.
கட்டத்தையே அழித்துவிட்டு
மாத்தே ஊற்றி என்னிடம் நீட்டினான்.
ஆறிப்போயிருந்தது, குடித்தேன்.

பின் இருக்கையில் அவள்
ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும்
ஓட்டுநருக்குக் கேட்கும்படி
வாசித்துக்கொண்டு வந்தாள்,
எங்கள் நிறுத்தம் தாண்டியும்.