வாடை இல்லாத சட்டை

மஞ்சக்குப்பத்தில் என் அறை மாடியில்.
கீழே மிக்ஸி பழுது பார்க்கும் கடை.
தெரியாமல் ஜாரைத் தூக்கிக்கொண்டு
படியேறி வருபவர்கள் உண்டு.
பிள்ளையைக் கூட்டிக்கொண்டு
கீழே நிற்பவர்களும் உண்டு.
இரண்டு கூட்டமும் கேட்பது ஒன்றுதான்:
"நல்லாத்தான் ஓடிட்டிருந்தது.
எப்ப ரெடியாவும்?"

ஞானசேகரனும் அப்படித்தான்.
"பையன் பேசறதில்ல மேடம். பதினோரு வாரம்.
மாத்திரை எதுவும் வேணாம்.
பேச வச்சிருங்க, போதும்."

நான் முதலில் நாற்காலிகளைப் பார்ப்பவள்.
நாலு நாற்காலி, ஒன்றுக்குக் கை உடைந்தது.
எங்கே போடுவதென்று சொல்வதில்லை.
வருகிறவர்கள் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள்,
வீட்டின் வரைபடம் அதற்குள் வந்துவிடும்.
இளவழகன் ஜன்னலுக்கு இழுத்துக்கொண்டான்.
தையல்நாயகி கதவோரம்,
பையை மடியிலிருந்து இறக்கவில்லை.
அப்பா என் மேசைக்கு நேரெதிரே,
மனு கொடுக்க வந்தவர் போல.
கை உடைந்தது நடுவில்.
அதில் ஒன்பது வயது சுடர்விழி,
தரைக்கு எட்டாத கால்களோடு.

"அப்பாவத் தண்ணி குடிக்கச் சொல்லு."
"அப்பா, தண்ணி குடிப்பீங்களாம்."
"வேணாம்னு சொல்லு."
"வேணாமாம்."
ஓர் ஆள் நீளம் இடைவெளி,
அதற்கு ஒரு தபால்காரி.

படிக்கும்போது நோட்டில் எழுதிய பெயர்கள்
இதற்கெல்லாம் உண்டு.
அன்று ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.
பாப்பாவிடம் சொன்னேன்:
"இன்னிக்கு உனக்கு லீவு.
கீழ போய் மோட்டார் கழட்டறதப் பாக்கறியா?"
அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.
இவர்களைத் தனியே விடப் பயந்து
படியில் மூன்று முறை நின்று இறங்கினாள்.

பிறகு யாரும் பேசவில்லை.
என் வேலையில் பாதி, அந்த நேரத்தில்
தொண்டையைச் செருமாமல் இருப்பது.
கீழே யாரோ
ஒன்றும் போடாத ஜாரை ஓட்டிப் பார்த்தார்கள்.
நான் கடிகாரத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்தேன்:
நாலு நிமிடம். ஆறு.

"உங்க சட்டையில," என்றாள் தையல்நாயகி
சுவரிடம் சொல்வதுபோலத் தொடங்கி,
பாதியில் அவர் பக்கம் திரும்பி,
"அந்த வாடை இல்ல.
மூணு மாசமா இல்ல."

தெற்கே இருந்து சிப்காட் காற்றடித்தால்
நாங்கள் ஜன்னலைச் சாத்துவோம்.
அவளோ இருபது வருஷம்
அதை ஊறவைத்து, கசக்கி, அலசி,
போகாத மிச்சத்தோடு இஸ்திரி போட்டவள்.

ஷிப்டுக்கு ஷிப்ட் டிபன் பாக்ஸ் போனது,
காலியாகத் திரும்பியது.
ஆளைக் குறைத்த செய்தியைச் சொல்ல
அவருக்கு ஒரு நல்ல நாள் வாய்க்கவில்லை.

"கெடிலம் பாலத்துக்குக் கீழ,"
என்றது ஜன்னல் பக்கம்.
பதினோரு வாரத் துரு அந்தக் குரலில்.
"ஒக்காந்து சாப்ட்டுட்டிருந்தீங்க.
பஸ்ஸுலேர்ந்து பாத்தேன்.
வாயத் தொறந்தா சொல்லிடுவேன்னு..."

ஆக, மூவருக்கும் தெரியும்.
மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டு
ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள்.
இதில் நான் செய்தது
ஒரு சிறுமியைக் கீழே அனுப்பியது.

ஞானசேகரன் அழவில்லை.
டிஷ்யூ பெட்டியை நான் நகர்த்தியது அவசரம்.
"அன்னிக்குச் சுறாப்புட்டு," என்றார் அவளிடம்.
"நல்லாருந்துச்சுன்னு சொல்லணும்னு இருந்தேன்."
அவள் பையை இறக்கித் தரையில் வைத்தாள்.

வேலை கிடைத்துவிடவில்லை.
வீட்டுக் கடன் அப்படியே.
பீஸ் பிறகு பார்த்துக்கலாம் என்றேன்,
அவர் முகம் சுருங்கியது. பாதி வாங்கிக்கொண்டேன்.
அடுத்த வியாழன் என்று எழுதினேன்.

சுடர்விழி மேலே வந்தாள், விரலில் கிரீஸ்.
வாசலிலேயே நின்று
மூன்று முகங்களையும் எண்ணிப் பார்த்தாள்.
"லீவு முடிஞ்சிடுச்சா?"
நான் பதில் தேடுவதற்குள்
அப்பா சொன்னார்,
அவள் அம்மாவைப் பார்த்தபடி:
"இன்னும் முடியல."