பிறந்ததற்குக் கட்டம் இல்லை

லியெபாயா துறைமுகத்துக்குப் பின்னால்
மூன்றாம் மாடியில் விஸ்மாவின் கடை.
கடை என்றால் பெயர்ப்பலகை கிடையாது,
கதவில் மணி கிடையாது.
பதினொரு கண்ணாடித் தொட்டிகள்,
ஒரு மடிக்கணினி,
ஈரம் குடித்து உப்பிய சுவர்.
விற்பது நத்தைகள்.
ஆட்டுக்கொம்புபோல் சுருண்டவை,
சிவப்பு, பழுப்பு, அரிதாக நீலம்.

"நான்கு முகவர்கள் செய்து தா" என்றாள்.
"இருப்பை எண்ண ஒன்று,
கடிதத்துக்குப் பதில் போட ஒன்று,
விலை பார்க்க ஒன்று,
திரும்பி வருவதைக் கவனிக்க ஒன்று.
நான் தூங்க வேண்டும், குண்டார்ஸ்."
பாதிக் கூலி யூரோவில்,
மீதி நத்தையில்.

முகமில்லாத முகவர்கள்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதினேன்:
நீ யார், எதைத் தொடலாம்,
எதைத் தொடக் கூடாது,
எப்போது வாயை மூட வேண்டும்.
(கடைசி வரிக்கு மட்டும் இரண்டு இரவு பிடித்தது.)

தொட்டிக்கு மேல் கேமரா வைத்த முதல் வாரமே
எண்ணும் முகவர் புகார் சொல்லத் தொடங்கியது.
திங்கள்: நீல நத்தை நாற்பது.
செவ்வாய்: ஐந்து விற்றது, இருப்பு அறுபத்து மூன்று.
கணக்கில் பிழை.
புதன்: பிழை.
வியாழன்: பெரும் பிழை, விற்பனையை நிறுத்தட்டுமா?
விஸ்மா சிரித்த சிரிப்பில்
தேநீர் விசைப்பலகையில் கொட்டியது.
நான் சிரிக்கவில்லை.
வாங்கியது, விற்றது, உடைந்தது, தொலைந்தது
எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டிருந்தேன்,
பிறந்ததற்குப் போடவில்லை.

அதற்குள் விலை முகவர்
சரக்கு பெருகுகிறதே என்று
குறைத்துக் குறைத்து
ஒரு ஞாயிறு விடியலில்
நீல நத்தையை மூன்று சென்ட்டில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.
ஓக்ரேயில் யாரோ முந்நூறு கேட்டுவிட்டார்.

ஆனால் என்னைக் கூனிக் குறுக வைத்தது நான்காவது.
வால்மியெராவிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார்:
வந்து சேர்ந்தபோது இரண்டு அசையவில்லை,
மகள் இன்னும் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருக்கிறாள்.
அது பணிவாகப் பதில் போட்டது:
"பயன்படுத்தாத நிலையில், அசல் உறையில் வைத்து
பதினான்கு நாளுக்குள் திருப்பி அனுப்பவும்."
அதன்மேல் குற்றமில்லை.
ஒரு செருப்புக் கடைக்கு நான் எழுதியதை
நானேதான் எடுத்து ஒட்டியிருந்தேன்.

அன்றிரவு நான்குக்கும் சேர்த்து எழுதினேன்:
இறந்ததைத் திருப்பிக் கேட்காதே.
படம் கேட்காதே.
பணத்தைக் கொடு. வருத்தம் ஒரு முறை சொல், ஒரே முறை.
கடிதத்தில் குழந்தை இருந்தால்
நீ முடிவெடுக்காதே,
விஸ்மாவை எழுப்பு.

எழுப்பியது.
ஜனவரி, காலை நான்கு மணி பத்து.
குல்தீகாவில் மைனஸ் பதினேழு.
மைனஸ் ஐந்துக்குக் கீழே பார்சல் போகாது,
அது என் விதி, நல்ல விதி.
"எமில்ஸ் என்ற பையனுக்கு இன்று ஒன்பது வயது.
கேட்பது அப்பா. விதிப்படி மறுக்க வேண்டும்.
ஆனால் கடிதத்தில் குழந்தை இருக்கிறது.
என்ன செய்ய?"

நல்ல கேள்வி என்று பிற்பாடு நான் பெருமைப்பட்டேன்.
விஸ்மா கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள்.
எழுந்து
வெள்ளரி ஊறுகாய் ஜாடியைக் கழுவி
ஆறு நீல நத்தைகளை இட்டு
கம்பளிக் காலுறைக்குள் நுழைத்து
கோட்டுக்குள் மார்போடு கட்டிக்கொண்டு
ஆறரைப் பேருந்தில் ஏறினாள்.
வழியெல்லாம் பைன், பனி, பைன்.
நடுவில் ஒரு முறை மூடியில் காது வைத்துப் பார்த்தாளாம்.
நத்தை என்ன பேசும்.

பகலில் பதிவேட்டைத் திறந்தேன்.
ஆர்டர்: முடிந்தது.
அனுப்பிய முறை: பட்டியலில் இல்லை.
செலவு: விலையைவிட நான்கு மடங்கு.
அடியில் முகவர் கேட்டிருந்தது:
"இதைப் புதிய விதியாகச் சேர்க்கட்டுமா?"

சேர்த்தால்
ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவள் பேருந்தேற வேண்டும்.
வேண்டாம் என்றால்
அடுத்த முறை எழுப்பாமலே இருந்துவிடும்.

பதில் போடாமல்
கூலியாக வந்தவற்றைப் பார்க்கப் போனேன்.
எட்டுத்தான் தந்திருந்தாள்.
தொட்டியின் மூலையில், கண்ணாடியோடு ஒட்டி,
கூழ்போல் ஒரு முட்டைத் திட்டு.
எண்ணிப் பார்த்தேன்,
பதினேழுக்கு மேல் பிடிபடவில்லை.