இதர

முக்கூடல் மேல்நிலைப்பள்ளியில் கருத்துக் கேட்புக் கூட்டம்.
தேசியக் கல்விக் கொள்கை, வரைவு.
கேள்விகள் முப்பத்துமூன்று.
கையெழுத்து உருண்டையாக இருக்கும் பாவத்துக்கு
குறிப்பெடுக்க என்னை உட்கார வைத்தார்கள்.

மின்விசிறியில் ஒன்று சுற்றியது,
ஒன்று சத்தம் மட்டும் போட்டது.
பதாகையில் ஒற்று விட்டுப்போனதைப் பார்த்த
தமிழாசிரியர் மந்திரமூர்த்தி
கூட்டம் முடியும்வரை வேறெதையும் பார்க்கவில்லை.

பெண்கள் பீடித்தட்டை மடியில் வைத்தபடியே வந்திருந்தார்கள்.
இலை நறுக்கும் கத்தரிச் சத்தத்துக்கு மேலே
அதிகாரி வாசித்தார்:
விளைவுசார் கற்றல் சூழலமைவை
வலுப்படுத்தும் உத்திகள் யாவை?
கத்தரிகள் ஒரு நொடி நின்றன.
பிறகு நறுக்கின.
நான் எழுதினேன்: ஆட்சேபணை இல்லை.

ஏழாம் கேள்விக்கு ஒருவர் எழுந்து
கால்வாயில் தண்ணீர் எப்போ வரும் என்றார்.
இது அந்தக் கூட்டம் இல்லை என்றார்கள்.
"அந்தக் கூட்டத்துலயும் இதத்தான் சொன்னிய"
என்று உட்கார்ந்தார்.

பதினாறில் ஆவுடைத்தங்கம் கை தூக்கினார்.
மடித்தூள் உதிர எழுந்தார்.
"பள்ளிக்கூடம் விடுதது நாலு இருவது.
கீழப்பொட்டல் வண்டி நாலு பத்துக்கே போயிருதுல்லா.
அடுத்தது ஏழு மணிக்கி.
பதிமூணு பொம்பளப் பிள்ளைய போச்சு.
ரெண்டு நின்னுட்டு.
பதினொண்ணு குளத்தங்கரை வழியா நடக்கு.
பத்து நிமிசந்தான் சார்.
அதைக் கொஞ்சம் எழுதிக்கிடுங்க."

கட்டம் தேடினேன்.
பாலினச் சமத்துவம் இருந்தது,
இடைநிற்றல் இருந்தது,
நெகிழ்வான கற்றல் வழித்தடங்கள்கூட இருந்தது,
அதில் பேருந்து ஓடவில்லை.
கடைசிப் பக்கத்தில் 'இதர',
ஐம்பது எழுத்துக்குள்.
பேருந்து நேரம் என்று எழுதினேன்.
ஏழெழுத்து.
நாற்பத்துமூன்று மிச்சம் கிடந்தது.

உளுந்தவடை, டீ, புகைப்படம்.

மாவட்டத் தொகுப்பில் அது
'போக்குவரத்து: 1' ஆனது.
மாநிலத் தொகுப்பில் அந்த ஒன்றும்
உட்கட்டமைப்புக்குள் போய்
கழிப்பறைகளோடு சுற்றுச்சுவர்களோடு
வரிசையில் நின்றது.
தில்லியில் என்ன ஆயிற்றென்று தெரியாது.
எனக்கு ஒரு நன்றிக் கடிதம் வந்தது,
இனிஷியல் தப்பாக.

அன்று கடைசி வரிசையில் ஒரு காக்கிச் சட்டை.
வடைக்கு வந்தவர் என்றுதான் நினைத்திருந்தேன்.
பூலுடையார். அந்தத் தடத்து ஓட்டுநர்.

அடுத்த திங்களிலிருந்து
நாலு பத்துக்குப் பள்ளி வாசலில் வண்டி நின்றுவிடும்.
இறங்குவார். இரும்புக் கம்பியால்
ஆறு சக்கரத்தையும் தட்டித் தட்டிக் காது கொடுப்பார்,
வைத்தியர் முதுகைத் தட்டுவது மாதிரி.
மணி அடித்ததும் நோய் தீர்ந்துவிடும்.
பயணத்தாளில் நாள்தோறும் ஒரே வாசகம்:
டயரில் காற்றுச் சோதனை.

என் ஏட்டில் ஊரே ஒத்துக்கொண்டது.
அவர் ஏட்டில் தினமும் டயர் இளைத்தது.
ரெண்டும் பொய்.
அவருடையதில் பதினொரு பிள்ளைகள் ஏறினார்கள்.
மறுமாதம் பன்னிரண்டு.
இன்னொருத்தி வரவில்லை,
அவளுக்குக் கை பழகிவிட்டது, நாளைக்கு எண்ணூறு பீடி.

ஐம்பத்திரண்டாம் நாள்
பணிமனையிலிருந்து தாள் வந்தது.
கருத்துக் கேட்டவர்களுக்குப் பதில் அவசரமாயில்லை.
விளக்கம் கேட்டவர்கள்
மூன்று நாள் கெடு வைத்திருந்தார்கள்.

"நீங்கதான டீச்சர் அன்னைக்கி எழுதுனிய."
வெள்ளைத்தாளும் அவரே கொண்டுவந்திருந்தார்,
நாலாக மடித்து, சட்டைப்பையில்.
எத்தனை எழுத்துக்குள் என்று கேட்டேன்.
அவருக்கு விளங்கவில்லை.
"இடம் இருக்க மட்டும் எழுதுங்க."

மடிப்பை நீவிவிட்டேன்.
ஐயா,
என்று தொடங்கினேன்.
பள்ளி விடுவது நாலு இருபதுக்கு.