சுவர் வழியாக வந்தார்கள்

கதவு இருந்தது.
அன்றைக்குத் தாழ்ப்பாள்கூடப் போடவில்லை.
ஆனாலும் அவர்கள் சுவர் வழியாகத்தான் வந்தார்கள்.
முதலில் ஒரு சத்தம்,
பிறகு தூசி,
தூசிக்குள் டார்ச் வெளிச்சம்,
வெளிச்சத்துக்குப் பின்னால் பூட்ஸ்கள்.
ஒன்பது ஜோடி.
கடைசியாக வந்தவன்
தரையில் கவிழ்ந்த பருப்புச் சட்டியைத் தாண்டும்போது
ஏதோ முனகினான்.
மன்னிப்பாக இருக்கலாம்.
தும்மலாகவும் இருக்கலாம்.

எங்களைக் குளியலறையில் அடைத்தார்கள்.
ஐந்து பேர், நான்கு மணி நேரம்.
லமீஸ் துணி ஊறவைக்கும் தொட்டிக்குள் உட்கார்ந்து
டைல்ஸ் எண்ணினாள்.
நூற்றுப் பன்னிரண்டு, அம்மா,
ஒன்று உடைந்திருக்கிறது.
அது முன்பே உடைந்தது என்றேன்.
இதையாவது
சரியாகச் சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது.

விடிந்ததும் பார்த்தேன்,
என் அடுப்புக்கு மேலே
விதாத்தின் சமையலறை.

மூன்று வருடமாக அவளோடு பேச்சு இல்லை.
பதினொரு நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீரை
அவள் மோட்டார் உறிஞ்சிவிடுகிறது என்று நான் சொன்னேன்.
அவள் என் பிறந்தவீட்டைப் பற்றிச் சொன்னாள்.
அதோடு சரி.
ஆனால் அவள் இருமல் எனக்குத் தெரியும்.
கரண்டி வைக்கும் விதம் தெரியும்.
ஹைதம் இரவெல்லாம் வேதியியல் பாடத்தை
உரக்கப் படிப்பது தெரியும்.
பரீட்சைக்கு இன்னும் ஆறு வாரம்.
கேட்டுக் கேட்டு
எனக்கே பாதி மனப்பாடம்.

துடைப்பத்தோடு நின்றிருந்தாள்.
நானும்தான்.
ஒரே சுவரின் தூள்
பாதி அவள் பக்கம், பாதி என் பக்கம்.

"உங்கள் பக்கம் யாரையாவது...?"
"இல்லை. உங்கள் பக்கம்?"

அவள் பதில் சொல்லவில்லை.
விலகி நின்றாள்.
கிழித்த மெத்தை,
அதன்மேல் பஞ்சு,
கட்டிலடியில் ஒரே ஒரு செருப்பு.

தாஃபிர் வந்து ஓட்டையின் விளிம்பைத் தட்டிப் பார்த்தார்.
எட்டு வருடம் எதிர்க்குன்றில்
அவர்களுடைய வீடுகளுக்குச் சுவர் எழுப்பியவர்.
போன மாதம் அனுமதிச் சீட்டைப் பறித்துவிட்டார்கள்.
காரணம் கேட்டதற்கு
அடுத்தவர் வாருங்கள் என்றார்களாம்.
"அறுபது கல், ஒன்றரை மூட்டை சிமெண்ட்" என்றார்.
சோதனைச்சாவடி மூடியிருந்தது.
சிமெண்ட் வரவில்லை.

நிவாரணப் போர்வை ஒன்றைத் திரையாகத் தொங்கவிட்டோம்.
திரையை விலக்கி ஒருநாள் உப்பு வந்தது.
இன்னொரு நாள் என் குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து.
வக்கீலின் அழைப்பு
எங்கள் ஜன்னலோரத்தில்தான் சிக்னல் பிடிக்கும்.
அதனால் இரவு பத்து மணிக்கு
அவள் குனிந்து, பாவாடையைச் சுருட்டிக்கொண்டு,
ராணுவம் வந்த வழியாகவே வருவாள்.
அதே வழிதான்.
முதல் நாள் மட்டும் லமீஸ் அலறினாள்.

குற்றச்சாட்டு ரகசியம் என்றார் வக்கீல்.
நான்கு மாதம் என்றார்.
நான்கு மாதம் முடிந்ததும்
இன்னும் நான்கு மாதம் என்றார்.
பரீட்சை வந்து போனது.
அந்த ஆறு வாரமும்
பாத்திரம் கழுவும்போது என் வாய்
தானாகத் தனிமங்களை முணுமுணுத்தது.
திரைக்கு அந்தப்பக்கம்
கரண்டிச் சத்தம் நின்றுபோகும்.
நானும் நிறுத்திக்கொள்வேன்.

சிமெண்ட் ஒருவழியாக வந்தது.
மழை நாளில் வந்தது.
வாசலிலேயே கிடந்து இறுகியது.
யாரும் உள்ளே எடுத்து வைக்கவில்லை,
அது யார் வேலை என்று யாரும் கேட்கவும் இல்லை.
இப்போது லமீஸ் அதன்மேல் உட்கார்ந்து
ஷூ கட்டுகிறாள்.

நேற்று தண்ணீர் வந்தது.
அவள் மோட்டார் உறுமத் தொடங்கியது.
என் குழாயில் காற்று மட்டும்.
"அணைத்துத் தொலை!" என்று கத்தினேன்.
போர்வையைப் பிய்த்துக்கொண்டு தலையை நீட்டினாள்.
மூன்று வருடத்து வசவு எல்லாம்
முகத்துக்கு முகம் கொட்டித் தீர்த்தோம்.
அவளிடம் புதிதாகவும் சில இருந்தன.

பத்து மணி.
ஃபோனைப் பிடித்துக்கொண்டு
என்னைப் பார்க்காமல் வந்தாள்.
ஜன்னலோரத்தில் காயப்போட்ட துணிகளை
நானும் அவளைப் பார்க்காமல்
ஒதுக்கிவிட்டேன்.
மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.